தவளை கொடுத்த மூச்சு

புலிக்கும் மானுக்கும் மனிதனுக்கும் ஒரே பேச்சு இருந்த காலம் அது. அப்போதெல்லாம் தவளை விட்டுவிட்டுக் கத்தாது. மழை தொடங்கும் நாளில் வாயைத் திறந்தால் மழை ஓயும் நாளில்தான் மூடும். நடுவில் மூச்சு வாங்க நிற்காது. எண்ணெய் ஒழுகுவதுபோல ஒரே சத்தம், அறுபடாமல் இறங்கிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்குள்தான் விதைகள் முளைத்தன, பிள்ளைகள் தூங்கினார்கள், யானைகள் குட்டி ஈன்றன. எப்போதும் இருந்ததால் யாரும் அதைக் கவனித்துக் கேட்டதில்லை.

அந்த நாளில் ஒரு மலையின் மடியில், பாறை மேடு ஒன்றின்மேல் கெம்பியின் ஊர் இருந்தது. மேட்டுக்குக் கீழே கண்ணுக்கு எட்டிய மட்டும் சதுப்பு. சதுப்பின் அக்கரையில் செங்குத்தாக ஒரு மொட்டைப் பாறை. மேட்டில் நின்று கூப்பிட்டால் அந்தப் பாறை அதே குரலில் திருப்பிக் கூப்பிடும். அதன் காலடியில் இருந்த சேற்றுக்கு அடி கிடையாது. தெரியாமல் இறங்கிய எருமை, கொம்பைக்கூட வெளியே விடாமல் போய்ச் சேர்ந்துவிடும்.

கெம்பியிடம் ஒரு மரக்குழல் இருந்தது. காற்றில் முறிந்து விழுந்த நாவல் கிளை அது. உள்ளே இருந்ததையெல்லாம் கறையான் தின்றுவிட்டு வெறும் கூட்டை மட்டும் விட்டுவைத்திருந்தது. அடுப்புக்கு ஆகும் என்று இழுத்துக்கொண்டு வந்தவள், மிச்சமிருந்த கறையானை விரட்டுவதற்காக ஒரு நுனியில் வாயை வைத்து ஊதினாள். மறு நுனியில் கறையானோடு சேர்ந்து ஒரு சத்தமும் வந்து விழுந்தது. கனத்த சத்தம். காதுக்கு வரும் முன்னால் நெஞ்சுக்கு வந்தது. யாரோ பெரிய ஆள் ஒருவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றதுபோல இருக்க, கெம்பி குழலைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை.

அதை அவள் அடுப்பில் வைக்கவில்லை. வாய் படும் இடம் உதட்டை அறுத்ததால் தேன்மெழுகை உருட்டி விளிம்பில் ஒட்டிக்கொண்டாள். கை வேலை முடிந்த நேரமெல்லாம் ஊதினாள். ஒரே ஒரு குறைதான் அவளை அரித்தது. மூச்சு தீர்ந்ததும் சத்தம் செத்துப்போகும். ஒவ்வொரு தடவையும் புதிதாக உயிர் கொடுக்க வேண்டியிருந்தது.

"எருமைக்கு வயித்துவலி வந்தாப்பல இருக்கு புள்ள" என்று சிரிப்பான் அவள் கணவன் பெள்ளன்.

"எருமை கத்துனா நீ ஏன் வேலைய விட்டுட்டு வந்து உக்காந்து கேக்குற மச்சான்?" என்பாள் கெம்பி. 

மழைக்காலத்துக்கு முன்னால், சதுப்பில் கோரைக்கிழங்கு முற்றும் நாள் வந்தது. ஊரே கிளம்பியது. கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு பக்கத்துக் குடிசை மாசியும் போனாள். கெம்பிக்கு மட்டும் குதிகாலில் முள் ஏறி வீங்கியிருந்தது.

"உன் பங்கும் சேத்துத் தோண்டிக்கிட்டு வர்றேன். காலை ஊனாத" என்று சொல்லிவிட்டுப் பெள்ளன் மேட்டிலிருந்து இறங்கினான். சதுப்பின் நடுவே புல்லுக்கு அடியில் கெட்டியான மண்வரப்பு ஒன்று எருமையின் முதுகெலும்புபோல ஓடியது. அதன்மேல் வரிசையாக நடந்து போய், ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து தோண்ட ஆரம்பித்தார்கள்.

வெயில் ஏற வேண்டிய நேரத்தில் மஞ்சு என்னும் மூடுபனி இறங்கியது. வழக்கமாக வரும் மஞ்சு இல்லை. மலையே கரைந்து பாலாகி வழிந்ததுபோல வந்தது. கெம்பி பார்த்துக்கொண்டிருக்கும்போதே மொட்டைப் பாறை போனது, சதுப்பு போனது, முற்றத்து மரம் போனது. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. கூடவே மேல்மலையில் இடி உருண்டது. அங்கே மழை பிடித்துவிட்டது. அந்தத் தண்ணீர் இறங்கினால் சதுப்பு நிறையும். நிறைந்துவிட்டால் வரப்பு முழுகிப்போகும்.

கீழே கூச்சல் கேட்டது. ஒருவர் பெயரை ஒருவர் சொல்லிக் கத்தினார்கள். மஞ்சுக்குள் குரல்கள் திசை கெட்டுச் சுற்றின. மாசியின் குழந்தை அழுவது ஒரு சமயம் வலதுபக்கம் கேட்டது, உடனே இடதுபக்கம் கேட்டது.

கெம்பி குழலைத் தூக்கிக்கொண்டு நொண்டியபடியே மேட்டின் விளிம்புக்கு வந்தாள். அங்கே ஒரு பாறைக்குழியில் தண்ணீர் தேங்கியிருந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஊதினாள். சத்தம் தரையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கியது. கூச்சல் அடங்கியது.

"கெம்பி ஊதுறா! அதான் வீடு! அந்தப் பக்கம் நடங்க!" என்று பெள்ளனின் குரல் வந்தது.

மூச்சு தீர்ந்தது. அவள் இழுத்து வாங்கிய அந்த இடைவெளியில், மொட்டைப் பாறை அதே சத்தத்தைத் திருப்பி ஊதியது. கீழே சேறு கலங்கும் ஒலி கேட்டது. சிலர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். மறுபடி ஊதினாள், இந்தப் பக்கம் திரும்பினார்கள். மூச்சு வாங்கினாள், பாறை அவர்களை அழைத்தது. தான் ஒவ்வொரு தடவை மூச்சு இழுக்கும்போதும் அவர்களை அடியில்லாத சேற்றின் பக்கம் அனுப்புகிறோம் என்று கெம்பிக்குப் புரிந்தது.

"ஊதாத புள்ள! ரெண்டு பக்கமும் கேக்குது!" என்று பெள்ளன் கத்தினான்.

அவள் குழலை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள்.

"இருக்குறதையெல்லாம் வெளிய கொட்டிட்டு அப்புறம் தேடுற. வேற எப்படி இருக்கும்?" என்றது ஒரு குரல். பாறை இடுக்கிலிருந்து ஒரு தவளை எட்டிப் பார்த்தது. மழைக்காக அங்கே படுத்துக் காத்திருந்த தவளை அது. 

"தவளையண்ணே, நீ கத்து. உன் சத்தம்தான் நிக்காதே. அதப் பிடிச்சுக்கிட்டு வந்துருவாங்க."

"என் சத்தம் எங்கேருந்து வருதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. பாம்பாலயே முடியாது. அதனாலதான் உசிரோட இருக்கேன். உன் குழல் அப்படி இல்ல. அது இடம் காட்டும்." தவளை தாவி அவள் முன்னால் வந்தது. "கன்னத்துல ஒரு வாய்க் காத்தை எப்பவும் மிச்சம் வை. கன்னம் அதை வெளிய தள்ளும்போது மூக்கு புதுசா வாங்கணும். ஒரு கையால குடுத்துக்கிட்டே இன்னொரு கையால வாங்குறதுதான்."

கெம்பி முயன்றாள். புரை ஏறியது. இருமினாள். மறுபடி முயன்றாள், குழல் விக்கியது.

"குழலை வை. தண்ணிய வாயில நெறச்சுக்க. கன்னத்தை மட்டும் அழுத்திக் கொஞ்சம் கொஞ்சமா பீச்சு. அப்பவே மூக்கால இழு."

குழித் தண்ணீரை அள்ளி வாயில் நிரப்பி, நூல்போல வெளியே விட்டாள். முதலில் மூக்கு அடைத்துக்கொண்டது. பிறகு தண்ணீர் தடைப்பட்டது. அப்புறம் ஒரு தடவை, வாயிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்க, குளிர்ந்த காற்று மூக்கு வழியே நெஞ்சுக்குள் இறங்கியது. கெம்பி கண்களை அகல விரித்தாள். தன் உடம்பில் இப்படி ஒரு வழி இருப்பது அவளுக்குத் தெரிந்ததே இல்லை.

ஆனால் குழலில் அது வரவில்லை. கன்னம் தள்ளியது, மூக்கு இழுத்தது, இரண்டும் தொண்டையில் வந்து மோதிக்கொண்டன. கீழே தண்ணீர் ஏறும் சலசலப்பு கேட்கத் தொடங்கியது. குழந்தையின் அழுகை நின்றுவிட்டிருந்தது. அது ஏன் நின்றது என்று நினைத்துப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

தவளை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எல்லாம் சரியாத்தான் செய்யுற. தொண்டைக்குள்ள ஒரு கதவு வேணும். மூக்கு வாங்கும்போது அது சாத்திக்கணும். உங்க சனத்துக்கு அது கெடையாது. எங்க கிட்ட இருக்கு. எங்க கூட்டம் மொத்தத்துக்கும் அந்த ஒண்ணுதான்."

"குடுத்தா உனக்கு?"

"எங்களுக்கு இருக்காது."

கெம்பி கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. மழைக்காலம் முழுவதும் அறுபடாமல் இறங்கும் அந்தச் சத்தத்தை நினைத்தாள். அது இல்லாத மழை எப்படி இருக்கும் என்று நினைத்தாள். "வேண்டாம் அண்ணே" என்று சொல்லிவிட்டுக் குழலை எடுத்தாள்.

தவளை தாவிக் குழலின்மேல் உட்கார்ந்தது. பிறகு, "எங்க சத்தத்துலதான் வெத மொளைக்குது, புள்ள தூங்குதுன்னு சொல்றாங்க" என்றது. "நான் அதைக் கேட்டதே இல்ல. பாடும்போது நான் அதுக்கு உள்ள இருக்கேன். நிறுத்துனா அது இல்ல. உலகம் உண்டானதுலேருந்து பாடுறோம், வெளிய நின்னு ஒருதரம்கூடக் கேட்டதில்ல. உன் குழல் இன்னிக்கு அரை மூச்சு, அரை மூச்சா வந்தப்போ எனக்குத் தோல் சிலிர்த்துப்போச்சு. முழுசா ஒருதரம் கேக்கணும்."

அது அவள் உள்ளங்கையில் ஏறியது. அவள் முகத்தருகே வந்து, திறந்திருந்த அவள் உதட்டில் ஒரு மூச்சு விட்டது. பாசி மணக்கும் குளிர்ந்த மூச்சு. கெம்பியின் தொண்டைக்குள் சின்னதாக ஏதோ அசைந்து, தாழ் விழுவதுபோல ஒரு முறை மூடித் திறந்தது.

"ஊது" என்றது தவளை. அதன் குரல் அதற்குள்ளேயே உடைந்திருந்தது.

கெம்பி ஊதினாள். மூச்சு பாதி குறைந்தபோது கன்னம் தவளையின் தொண்டைபோல உப்பியது. கன்னம் தள்ளியது, கதவு சாத்தியது, மூக்கு வாங்கியது, கதவு திறந்தது. சத்தம் நிற்கவில்லை. மொட்டைப் பாறை பதில் சொல்ல ஓர் இடைவெளிக்காகக் காத்திருந்தது. இடைவெளி வரவே இல்லை. முதன்முறையாக அந்தப் பாறை வாயடைத்து நின்றது.

கெம்பி கண்களை மூடிக்கொண்டாள். சிறிது நேரம் அவள் ஊதினாள். அதன்பிறகு யார் ஊதுகிறார்கள் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. காற்று அவளுக்குள் வந்தது, போனது. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பிடிபடவில்லை. அடியில் பாறை அதிர்ந்தது. மஞ்சு முழுவதும் ஒரே நெஞ்சாகி ஏறி இறங்கியது. குதிகால் வலியும் பயமும் அழுகையும் அந்தச் சத்தத்துக்குள் எங்கோ போய்விட்டன.

கீழிருந்து முதலில் ஒரு கை வந்து மேட்டைப் பிடித்தது. அப்புறம் இன்னொரு கை. சேறு சொட்டச் சொட்ட ஒவ்வொருவராக ஏறினார்கள்.  மாசி வந்தாள், அவள் முதுகில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. குழல் சத்தத்தில் அடங்கித் தூங்கிப்போயிருந்தது அது. அவளுக்குப் பின்னால் மான்கள் வந்தன. மான்களை ஒட்டி, நனைந்த பூனைபோல ஒரு புலி வந்தது. அது மானையும் பார்க்கவில்லை, மனிதனையும் பார்க்கவில்லை. கெம்பியின் முன்னால் முன்னங்கால்களை நீட்டிப் படுத்துக்கொண்டது. பிறகு மஞ்சின் ஒரு துண்டு கருத்து, யானைக் கூட்டமானது. தலைமை யானை ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி அசையாமல் நின்றது.

"காதால கேக்கல" என்று அது மெதுவாகச் சொன்னது. "பாதத்தால கேட்டேன்."

பெள்ளன் கடைசியாக வந்தான். எல்லாரும் வரப்பில் ஏறும்வரை இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒவ்வொருவரையும் சத்தத்தின் பக்கம் திருப்பிவிட்டவன் அவன்தான். மேலே வந்தவன், மூடிய கண்களோடு கன்னம் உப்ப உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தான். எருமை என்று சிரித்த வாய் திறந்தபடியே இருந்தது. அவள் முதுகில் கையை வைத்தான். அந்த அதிர்வு அவன் தோள்வரை ஏறியது.

"எல்லாரும் வந்துட்டோம் கெம்பி. வந்துட்டோம்."

அவள் குழலை இறக்கியபோது மஞ்சு விலகி, சாயங்கால வெயில் தண்ணீர் நிறைந்த சதுப்பின்மேல் விழுந்தது. காலையில் அவர்கள் தோண்டிய இடமெல்லாம் முழுகியிருந்தது. கெம்பி தன் மடிக்கு இறங்கியிருந்த தவளையைப் பார்த்தாள். அது கண் இமைக்காமல், கழுத்தை நீட்டியபடி உட்கார்ந்திருந்தது.

"கேட்டியா அண்ணே?"

"கேட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "இவ்வளவு பெருசுன்னு தெரியாமப்போச்சு" என்றது. காலமெல்லாம் அந்தச் சத்தத்துக்குள்ளேயே இருந்துவிட்டு, முதல் தடவையாக வெளியே நின்று கேட்டவனின் குரல் அது.

சில நாளில் மழை தொடங்கியது. தவளை வாயைத் திறந்தது. ஒரு துண்டுச் சத்தம் வந்து அறுந்தது. மறுபடி திறந்தது, மறுபடி அறுந்தது. துண்டுகளுக்கு நடுவில் வெறும் மழை பெய்யும் ஓசையை ஊர் முதன்முதலாகக் கேட்டது. கெம்பி நனைந்துகொண்டே குழலோடு ஓடி வந்தாள். அவள் வாயில் வைப்பதற்குள், பக்கத்துக் குழியிலிருந்து இன்னொரு தவளை அந்த இடைவெளியில் ஒரு துண்டைப் போட்டது. அது அறுந்த இடத்தில் மூன்றாவது ஒன்று எடுத்தது. அது விட்டதை வேறொன்று. சதுப்பு முழுக்க ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்து, ஒருவருக்கும் தனியாக வராத சத்தத்தை எல்லாரும் சேர்ந்து நிற்காமல் ஓட்டினார்கள். கெம்பி விளிம்பில் உட்கார்ந்து, அவற்றோடு தன் குழலையும் சேர்த்தாள்.

நீளக் குழல் ஊதுகிறவனுக்குக் கன்னம் தவளைபோல உப்புவதும், அவன் ஊதிக்கொண்டே மூச்சு வாங்குவதும் அந்த மழைக்குப் பிறகு வந்த வழக்கம். கதவைக் கொடுத்துவிட்ட தவளை சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அதன் தொண்டை துடித்துக்கொண்டே இருப்பதும் அப்போது வந்ததுதான். மழைநாளில் குளத்தங்கரைக்குப் போய்ப் பாருங்கள். நம் காலடி கேட்டதும் அத்தனை தவளைகளும் சட்டென்று வாயை மூடிக்கொள்ளும். பயந்துவிட்டன என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வந்தவர் ஊதுவார், இன்னும் ஒருதரம் வெளியே நின்று கேட்கலாம் என்றுதான் அன்றிலிருந்து அவை அப்படிக் காத்திருக்கின்றன.