இலவங்கட்டைத் தாழ்ப்பாள்

வெந்நீர் ஊற்று உள்ள ஒரு காட்டில், செவ்வந்தி என்ற முயல் ஐந்து குட்டிகளோடு ஒரு குகையில் வாழ்ந்தது. குகைக்குக் கதவு உண்டு. தாழ்ப்பாள்தான் தகராறு! அந்தப் பக்கம் இலவ மரம் தவிர வேறு மரம் கிடையாது. இலவங்கட்டையோ மகா மெத்து. முந்தின நாள் நரி வந்து, கதவிடுக்கில் வாயை விட்டு, தாழ்ப்பாளைக் கரும்பு மாதிரிக் கடித்துத் துப்பிவிட்டது. நல்லவேளை, யானை வரும் சத்தம் கேட்டு ஓடிப்போனது.

செவ்வந்தி யானையிடம் ஓடியது.

"யானையக்கா! ஊத்துப் பாறைக்கு அடியில ஒரு இலவங்கட்டை நசுங்கிக் கிடக்கு. கொறிச்சுப் பார்த்தேன், பல்லே கூசுது, அவ்வளவு கெட்டி! எனக்கும் அப்படி ஒண்ணு வேணும்!"

"இலவத்தை நம்புறியா? இலவு காத்த கிளி கதையாயிடப் போகுது!" என்று யானை சிரித்தது. ஆனாலும் வந்தது.

ஒரு கட்டையை வெந்நீரில் ஊறப்போட்டன. இளகியதும் யானை ஏறி மிதித்தது. கட்டை பாதிப் பருமனாகிக் கெட்டிப்பட்டது. "போதும், போதும்!" என்று முயல் அதைத் தூக்கிக்கொண்டு ஓடியது. பயந்தவருக்குப் பொறுமை ஏது!

மாலையில் மழை. கதவிடுக்கு வழியே ஈரம் பட்டதும், மாட்டியிருந்த கட்டை பணியாரம் போல உப்பி, பழையபடி மெத்தென்று ஆகிவிட்டது. முயல் அழுதேவிட்டது.

"ஊத்துக் கட்டை மட்டும் ஏன்க்கா உப்பல?"

யானை யோசித்தது. "அது நசுங்கினபடியே சூட்டுல கிடக்கு. நாமதான் அவசரப்பட்டு எடுத்துட்டோம்!"

வேறொரு கட்டையை ஊறவைத்து, ஊற்றோரத்துச் சுடுபாறையில் கிடத்தி, மேலே பெரிய கல்லொன்றை ஏற்றியது யானை. மூன்று நாள் யாரும் தொடக்கூடாது! அதுவரை குகை வாசலைத் தன் முதுகாலேயே அடைத்துக்கொண்டு நின்றது.

"எடுத்துடலாமாக்கா?" என்று முயல் நாளைக்குப் பத்துத் தரம் கேட்டது.

"சும்மா கெட!" என்றது யானை.

நான்காம் நாள் கட்டை கருப்பட்டி நிறத்தில் இருந்தது. முயல் அதைத் தண்ணீரில் முக்கிப் பார்த்தது. உப்பவில்லை! ஓடிப்போய்க் கதவில் மாட்டியது. யானையும் இரை தேடப் போனது.

அதற்காகவே காத்திருந்த நரி வந்தது. குட்டிகள் தாயின் வயிற்றில் முகம் புதைத்தன. "கடக்!" முயலுக்கு உயிரே போய்விட்டது.

"ஐயோ, என் பல்லு! என் பல்லு!" என்று வெளியே ஊளை கேட்டது. ஊளை தூரமாய்ப் போனது.

"அப்பாடா!" என்று செவ்வந்தி காலை நீட்டிப் படுத்தது. மூன்று நாள் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கியது.

பாதியில் விட்ட முயற்சி பழைய நிலைக்கே திரும்பும்; முடியும்வரை பொறுத்தவருக்கே உறுதி நிலைக்கும்.