சன்னலோரம் நின்றவர்

உப்பளத்து ஊர் ஒன்றின் பாலர் பள்ளிக்கு வேலை பழக வந்திருந்தாள் சண்முகக்கனி. அவளுக்குக் கற்றுக்கொடுத்த ரெஜினா டீச்சர் அவளைவிட வயதில் இளையவள்.

வந்ததிலிருந்தே சண்முகக்கனியின் கண்ணை ஒருவர் உறுத்திக்கொண்டிருந்தார். பெயர் பால்துரை. விடியுமுன் உப்பளத்துக்குப் போகிறவர், முற்பகலில் வேலை முடிந்ததும் உப்புப் பூத்த காலோடு நேரே வந்து சன்னலோரம் நின்றுவிடுவார். யாரிடமும் பேச்சு கிடையாது. உள்ளே அவர் மகள் அனுசியாவும் வாய் திறப்பதில்லை. சன்னலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"டீச்சர், ஜூன்ல ஒண்ணாம் வகுப்புக்குப் போற பிள்ளை. பேரு கேட்டாக்கூடச் சொல்ல மாட்டேங்கா. இவள எப்படித் தயார் பண்ணுறது?"

"நீங்க என்ன நினைக்கீங்க அக்கா?"

சண்முகக்கனி குரலைத் தாழ்த்தினாள். "அந்த ஆளு மிரட்டி வச்சிருக்காரு. வீட்டுல அடிப்பாரோ என்னவோ. பிள்ளை எதையும் சொல்லிரக் கூடாதுன்னு காவல் நிக்காரு. சன்னலச் சாத்திருவோமா?"

"சாத்துங்க."

சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் பின்கதவின் இடுக்கில் ஒரு கண் தெரிந்தது. அவள் ரெஜினாவின் தோளைத் தொட்டுக் காட்டினாள்.

"பாத்தீங்களா டீச்சர்?"

ரெஜினா எழுந்துபோய்க் கதவை அகலத் திறந்தாள்.

"உள்ள வாங்கண்ணே. என்ன பாக்கணுமோ பாருங்க."

பால்துரை தயங்கித் தயங்கி நுழைந்தார். சாமான் அறையைத் திறக்கச் சொன்னார். மூட்டைகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். களவு போன பொருளைத் தேடுகிறவர்போல அவர் துழாவத் துழாவ, சண்முகக்கனிக்கு முகம் சுண்டியது.

"வெளிய எதுக்குத் தாப்பா?" என்றார்.

"அரிசி இருக்கு. ஆடு நுழைஞ்சிரும்."

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. தாழ்ப்பாளை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"மூத்தவன வேற ஊருல இப்படி ஒரு இடத்துலதான் விட்டோம். அழுதான்னு இருட்டு ரூம்புல போட்டுப் பூட்டிட்டாங்க. நாங்க உப்பளத்துல நின்னோம், எங்களுக்கு எப்படித் தெரியும்? இன்னைக்கும் அவன் பள்ளிக்கூட வாசல மிதிக்க மாட்டேங்கான்."

ரெஜினா பாயை உதறிப் போட்டாள்.

"உக்காருங்கண்ணே."

உட்கார்ந்தார். அனுசியா வந்து அவர் தோளில் சாய்ந்தாள். பக்கத்துப் பிள்ளையிடம் மெல்லச் சொன்னாள்: "எங்கப்பா."

பிள்ளைகள் போன பிறகும் சண்முகக்கனிக்கு மனம் ஆறவில்லை.

"இங்க அப்படியெல்லாம் நடக்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டீச்சர். நம்பாமத்தான் போறாரு."

"நாளைக்கும் வரச் சொல்லியிருக்கேன்."

"இவ்வளவு சந்தேகப்படுற மனுசனையா?"

ரெஜினா பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தாள்.

"அவரு நம்மளச் சந்தேகப்பட்டாரு, வந்து பாத்துட்டுப் போயிட்டாரு. நீங்க எப்ப அக்கா அவரு வீட்டுக்குப் போய்ப் பாக்கப் போறீங்க?"