பழைய இரும்புக்கு வந்த லாரி

பொய் சொல்பவரோடு சண்டை போடாதே, நம்பிவிடு என்றோ என்னவோ எங்கள் பெரிய ஆடிட்டர் சொல்வார்.

சோமனூர் தறி முதலாளி தண்டபாணி, விவாகரத்து கேட்டுக் குழந்தையோடு பிரிந்திருந்த மனைவி அமுதவல்லிக்கு ஜீவனாம்சம் தர வழியில்லை என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். சொத்தை மதிப்பிடக் கோர்ட் அனுப்பிய எங்கள் ஆபீஸ் கணக்காய்வாளர் பரிமளாவிடமும் அதையே சொன்னார்.

"தொழில் செத்துப்போச்சு அம்மிணி. பத்துத் தறியும் பழைய இரும்பு, ரெண்டு லட்சம் பெறாது. முடிஞ்சா இல்லைன்னு நிரூபிங்க."

"நம்பறேனுங்க," என்றாள் பரிமளா.

மறுநாள் இரு தரப்பு வக்கீல்களோடு வந்தாள். பின்னாலேயே லாரியில் பழைய இரும்பு வியாபாரி.

"மூணு லட்சம் தர்றாருங்க. பணம் அமுதவல்லிக்கு. ஏத்தச் சொல்லட்டுங்களா?"

வியாபாரி முதல் தறியைத் தொட்டார்.

"விடுய்யா! ஒண்ணு இருபது லட்சம்! நாளைக்கே தீபாவளி ஆர்டர் ஓட்டணும்!"

தண்டபாணியின் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். பரிமளா எழுதிக்கொண்டாள்.

அடுத்த வாய்தாவில், அமுதவல்லி கேட்ட ஜீவனாம்சத்தைத் தருவதாகத் தண்டபாணி ஒப்புக்கொண்டார்.