இரண்டு விரற்கடை

இந்தக் கதையைப் பல ஆண்டுகளாக நான் சந்தேகித்து வருகிறேன்.

ஆனாலும் பின்அமைப்பியல் பாடத்தின் முதல் வகுப்பில் மாணவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். எனக்குச் சொன்னவர் கன்னியப்பன் என்ற கல்தச்சர். வந்தவாசிப் பக்கம் வாசற்படிக்குக் கல் வாங்கப் போனேன். கல்லின் விலையைக் கேட்டேன். அவர் இதைச் சொன்னார்.

*

"நாளைக்கு நீங்க போயிடுவீங்க சுவாமி. அப்புறம் நான் யாரைப் பாத்துப் பேசறது?"

கன்னியப்பன் கேட்டது ஒரு சமண முனிவரை. மழைக்கால நான்கு மாதங்கள் ஓரிடத்தில் தங்குவதும், மழை ஓய்ந்ததும் நடந்துவிடுவதும் அவர்கள் நியதி. அந்த ஆண்டு அவர் தங்கியது ஊருக்கு மேற்கே இருந்த பாறைக்குன்றின் குகையில். கன்னியப்பனைவிடப் பத்து வயது இளையவர்.

கன்னியப்பனின் மனைவி செண்பகம் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த இரண்டு ஆண்டுகளும் அவர் யாரோடும் பேசவில்லை. அவர் வீட்டிலிருந்து உளிச் சத்தம் மட்டும் கேட்கும்.

மேகம் குகை வாசல்வரை இறங்கி நின்ற ஒரு காலையில், முனிவரின் எதிரே அவருக்குப் பேச்சு திரும்பியது. முனிவர் போனால் அதுவும் போய்விடும் என்று பயந்தார்.

செங்காவிக் கட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். இந்தப் பாறைமேல் ஒரு நொடி நில்லுங்கள், பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டுக்கொள்கிறேன், பிறகு செதுக்கிவிடுவேன் என்றார்.

முனிவர் சிரித்தார்.

"பத்திரத்துல கைநாட்டு கேப்பாங்க ஆசாரி. நீங்க கால்நாட்டு கேக்கறீங்க."

"நீங்க இங்க இருந்ததுக்கு ஒரு அடையாளம் வேணும்."

"இருக்கறப்ப அடையாளம் எதுக்கு?"

"நீங்க போனப்புறம் வேணுமே."

"அப்ப, போனப்புறம் செதுக்குங்க."

*

விடிந்தபோது குகையில் யாரும் இல்லை.

பாறை முழுக்கப் பனி. அந்தப் பனியில் முனிவரின் காலடிகள் கறுப்பாக, வரிசையாக இறங்கிப் போயின.

கன்னியப்பன் காவிக்கட்டியோடு ஓடினார். குனிவதற்குள் வெயில் வந்தது. காலடிகள் அழியவில்லை. அவற்றைச் சுற்றியிருந்த பனிதான் உலர்ந்தது. பாறை முழுவதும் ஒரே நிறமானது. எங்கே குனிவது என்பதே அவருக்குத் தெரியாமல் போனது.

பிறகு நாற்பது நாள் செதுக்கினார். கோடு இல்லை. அளவு இல்லை. கை போன வழியில் உளி போனது என்றார்.

செதுக்கச் செதுக்கப் பேச்சு வந்தது. முதலில் பாறையோடு பேசினார். பிறகு ஆடு மேய்ப்பவர்களோடு. பிறகு ஊரில் எல்லோரோடும்.

மழைக்காலம் முழுக்க முனிவருக்கு உணவளித்த ஜெயமதி அம்மாள் ஒருநாள் மூச்சு வாங்க ஏறிவந்து பார்த்தாள். குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அப்படியே சுவாமி பாதம்."

ஊரும் அதையே சொன்னது. கண்ணை மூடினால் கன்னியப்பனுக்கும் கற்பாதம்தான் தெரிந்தது.

*

ஆறாம் ஆண்டு முனிவர் அந்த வழியாக வந்தார்.

ஊரார் அவரைப் பாறைக்கு அழைத்துப் போனார்கள். சுவாமி ஒருமுறை அதில் நிற்க வேண்டும் என்று மன்றாடினார்கள். அவர் கற்பாதத்தில் தன் காலை வைத்தார்.

கொள்ளவில்லை. குதிகால் இரண்டு விரற்கடை வெளியே நின்றது.

ஊரார் குனிந்து அந்தக் குதிகாலைப் பார்த்தார்கள். கடைசியில் ஜெயமதி அம்மாள்தான் பரிவோடு சொன்னாள்.

"நடந்து நடந்து சுவாமிக்குக் கால் வீங்கிடுச்சு."

ஊர் ஆமாம் என்றது. ஒருவர் எண்ணெய் கொண்டுவர ஓடினார்.

கன்னியப்பன் முனிவரின் முன் விழுந்தார்.

"தப்பாப் பண்ணிட்டேன் சுவாமி. அழிச்சிடட்டுமா?"

முனிவர் தன் காலைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார்.

"எந்தக் காலை?"

பிறகு கற்பாதத்தின் முன் மண்டியிட்டார். நெற்றி அதில் பட வணங்கினார். எழுந்து நடந்துவிட்டார்.

*

வீங்கிய கால் வரும்போது மாணவர்கள் சிரிப்பார்கள். வணங்கும் இடத்தில் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள். அப்படியானால் எதுதான் சார் அசல் என்று யாராவது ஒருவர் கேட்பார். அடுத்த வகுப்பில் பார்ப்போம் என்பேன்.

என் சந்தேகம் அதுவல்ல.

நான் வாங்கிய வாசற்படியில் ஒரு நூல் பிசகில்லை. அந்தக் கைக்கு, நான்கு மாதம் தினமும் எதிரே இருந்த பாதத்தில் இரண்டு விரற்கடை எப்படிக் குறையும்?

போன ஆவணியில் அவரைத் தேடிப் போனேன். எண்பதைத் தாண்டியிருந்தார். பேரனின் கிரானைட் கடை வாசலில், பறக்கும் தூசியில், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கதையை மறுபடி சொல்லச் சொன்னேன். ஒரு சொல் மாறாமல் சொன்னார். முனிவர் வணங்கிய இடம் வந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கேட்பதா, வேண்டாமா என்று வெகுநேரம் இருந்தேன். நான் கேட்டால் அந்தப் பாறையில் ஏதோ அழிந்துவிடும் என்று தோன்றியது. அழியாமல் இருக்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும் என்றும் தோன்றியது.

"ஐயா," என்றேன். "உங்க செண்பகத்தம்மாவுக்குப் பாதம் எவ்வளவு நீளம் இருக்கும்?"