கிணற்றுக்குள் ஓர் ஆழ்நேர்காணல்

உத்தாணிமேட்டில் சமூக ஆய்வு மடம் என்று ஒன்று இருந்தது. மடம் என்றால் சாமியார் இருக்கும் இடம் என்றும், அறியாமை என்றும் அகராதியில் இரண்டு பொருள் உண்டு. இங்கே சாமியார் யாரும் இல்லை.

தலைவர் நல்லகுத்தாலம் பல நாட்டு ஆய்வு முறைகளைக் கரைத்துக் குடித்தவர். குடித்தது செரிக்கவில்லை என்பது வேறு விஷயம். ஒருநாள் அவர் தன் சீடர்களான சீத்தாபதி, பிச்சுமணி, உலகு மூவரையும் அழைத்து, களத்துக்குப் போய் ஒரு விவசாயியிடம் ஆழ்நேர்காணல் எடுத்து வரச் சொன்னார்.

மூவரும் நேரே நெல்லடிக்கும் களத்துக்குப் போனார்கள். அங்கே நெல் தூற்றிக்கொண்டிருந்த விவசாயி மலைக்கொழுந்திடம், ஆழமாகப் பேச வேண்டியிருக்கிறது, தயவுசெய்து பக்கத்துக் கிணற்றில் இறங்குங்கள் என்று பணிவாகக் கேட்டார்கள். கேட்கிற ஆளே இறங்கட்டும் என்றார் அவர். அது நியாயமாகப் பட்டது. சீத்தாபதியின் இடுப்பில் கயிற்றைக் கட்டி இறக்கினார்கள்.

பாதிக் கிணறு போனதும் பிச்சுமணிக்கு ஜெர்மன் முறை ஞாபகம் வந்தது. ஆய்வுக்குள் இறங்கியபின், இதுவரை பிடித்துக்கொண்டிருந்ததை எல்லாம் விட்டுவிட வேண்டுமாம். இருவரும் கயிற்றை விட்டார்கள்.

கழுத்தளவு தண்ணீர். காலடியில் சேறு வழுக்கியது. நீச்சல் தெரியாத சீத்தாபதி, செத்தோம் என்றே நினைத்தான்.

"தூக்குங்கடா" என்று அலறினான்.

மேலே தர்க்கம் தொடங்கியது.

"இங்கிலாந்து முறைப்படி நாமளும் குதிச்சு, அவனோடயே வாழணும்ப்பா" என்றான் உலகு.

"எனக்குச் சளி பிடிச்சிருக்கு. அமெரிக்க முறைதான் தோது. புதுசா ஏதாவது வந்துக்கிட்டிருக்கிற வரைக்கும் கேட்கணும். வரலேன்னா நிறுத்திடணும்."

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். சீத்தாபதி சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தான். புதிய தகவல் எதுவும் இல்லை. ஆய்வு இனிதே நிறைவுற்றது என்று இருவரும் டீக்கடைக்குப் போய்விட்டார்கள். சிநேகிதன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்.

மலைக்கொழுந்து தலையில் அடித்துக்கொண்டு வண்டிக்கயிற்றைப் போட்டு, மூச்சு வாங்க இழுத்தார். சீத்தாபதிக்கு அழுகையே வந்துவிட்டது. பெற்ற தகப்பன்கூட இப்படி இழுத்திருக்க மாட்டார். கிணற்று விளிம்பு கைக்கெட்டும் தூரத்தில் வந்தபோதுதான், ஆய்வில் கலந்துகொள்பவரிடம் சம்மதம் கேட்கவே இல்லையே என்று அவனுக்கு உறைத்தது. அது எல்லா நாட்டுக்கும் பொதுவான விதி என்று தலைவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"அண்ணே, கட்டாயம் ஒண்ணும் இல்லே" என்றான் கயிற்றில் தொங்கியபடியே. "இஷ்டமில்லேன்னா எப்ப வேணும்னாலும் பாதியிலயே விட்டுடலாம்."

மலைக்கொழுந்துக்கு ஏற்கெனவே உள்ளங்கை எரிந்துகொண்டிருந்தது.

"நீங்க சொன்னாச் சரி தம்பி" என்று விட்டுவிட்டார்.