பூங்காவனத்தின் கரிப்பானை

தாங்கியிலிருந்து பானையை இறக்கி, அதன் வயிற்றைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டே கேட்டாள் பூங்காவனம்.

"சாமி, என் பானைத் தண்ணிக்கு என்ன குறை?"

மடத்துச் சாமி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். பெண்தான், வயதில் பூங்காவனத்தைவிடச் சின்னவர்.

"யார் குறை சொன்னது?"

"சொன்னாத்தான் பரவாயில்லையே. வாயைத் திறக்காம எல்லாரும் சொம்பைத் தூக்கிக்கிட்டு அந்த ஜெகதா பானைக்கில்ல போறாங்க."

மடம் ஆற்றங்கரையில் இருந்தது. ஆறு வருகிற மேல்பக்கத்தில் தோல் பதனிடும் ஷாப்புகள். கிணற்றுத் தண்ணீர் பார்க்கத் தெளிவாய்த்தான் இருக்கும். தோல் ஊறவைத்த உலோக விஷம் கண்ணுக்கா தெரியும்?

அதனால் மடத்தில் ஒவ்வொருத்தியும் தன் கையால் ஒரு கரிப்பானை கட்டுவாள். கொட்டாங்குச்சியைச் சுட்டு, இடித்து, அலசி, அடியில் துளையிட்ட பானையில் நிரப்புவாள். மேலே ஊற்றுகிற தண்ணீரிலிருந்து, கரிக்குள் இருக்கிற பொடித் துளைகள் விஷத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மிச்சம் கீழே குடத்தில் சொட்டும். அதுதான் குடிதண்ணீர்.

அமாவாசைக்கு அமாவாசை பழைய கரியை எடுத்துச் சிமெண்டில் குழைத்துப் புதைத்துவிட்டுப் புதுக்கரி போட வேண்டும். மடத்து வழக்கம் அது.

"ஜெகதா தண்ணியில அன்னிக்குக் கறுப்பா மிதந்தது சாமி. என் கண்ணால பார்த்தேன்."

"அவ குடத்தை நீ எதுக்கு எட்டிப் பார்த்தே?"

பூங்காவனம் நாரை இன்னும் அழுத்தினாள்.

"அவளுக்கு உலக்கை பிடிக்கக் கத்துக்குடுத்ததே நான். இன்னிக்கு நீங்ககூட அவ குடத்துலதான் மொண்டு குடிக்கிறீங்க. அதையாவது பொறுத்துக்குவேன். என் வயித்துல பொறந்த மக அரும்பு, அவளும் அங்கதான் ஓடுறா. 'ஜெகதாம்மா தண்ணி இனிக்குது'ங்கிறா. நேத்து முதுகுல ஒண்ணு வெச்சேன். இனிமே அம்மா தண்ணிதான் குடிக்கணும்னு சொல்லிட்டேன்."

சாமியின் கை கீரையில் நின்றது.

எழுந்து சமையல்கட்டுக்குப் போனார். இரண்டு வெள்ளைக் கிண்ணங்களோடு திரும்பினார்.

"இது ஜெகதா குடத்துது. இது உன்னுது."

மடியிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து, இரண்டிலும் மருந்துச் சொட்டு விட்டார்.

ஜெகதாவின் தண்ணீர் அப்படியே இருந்தது.

பூங்காவனத்தின் தண்ணீர் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது.

பூங்காவனத்துக்கு முகமெல்லாம் பல்.

"பார்த்தீங்களா! அவளுதுல ஒண்ணுமே இல்லை. என்னுதுலதான் சத்து!"

"விஷம் இருந்தாத்தான் இந்தக் கலர் வரும்."

சிரிப்பு நின்றது.

"கரி எப்ப மாத்தினே?"

பூங்காவனம் மறுபடி நாரை எடுத்தாள்.

"போன அமாவாசைக்கு?"

"இல்லை சாமி."

"அதுக்கு முந்தி?"

"மாத்தினா மொதல்ல கறுப்பாத்தானே வரும். தெளியறவரைக்கும் கீழே ஊத்தணும். ஜெகதா பார்த்துச் சிரிப்பா."

"அவ என்னிக்காவது சிரிச்சாளா?"

பூங்காவனம் பானையைப் பார்த்தாள். தேய்த்துத் தேய்த்து வெளியே கண்ணாடியாய் மினுங்கியது.

"நான்தான் சிரிச்சேன். அவளுக்குக் கறுப்பா வந்தப்போ."

சாமி பானையின் வாயில் கையை விட்டு ஒரு பிடி கரியை அள்ளினார். உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"இதுக்குள்ள இனிமே எதுக்கும் இடம் இல்லை. வர்றதை அப்படியே விடுது."

பூங்காவனம் அதைத் தொடவில்லை.

"கொட்டிடறேன் சாமி. இப்பவே புதைச்சிடறேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா ஜெகதாவுக்கு மட்டும் தெரிய வேணாம். அவ குளிக்கப் போற நேரமாப் பார்த்து..."

"அம்மா!"

சமையல்கட்டிலிருந்து அரும்பின் குரல்.

"அம்மா, இங்க வாயேன்! நீ சொன்ன மாதிரியே உன் குடத்துல மொண்டுட்டேன். ஒரே மடக்குல குடிக்கப்போறேன், பாரு!"

நார் ஒரு பக்கம், புடவைத் தலைப்பு ஒரு பக்கம். பூங்காவனம் ஓடினாள். மடம் முழுக்கக் கேட்கக் கத்திக்கொண்டே ஓடினாள்.

"குடிக்காதே கண்ணு! கீழே ஊத்து! என் தண்ணி வேணாம், ஜெகதாம்மா குடத்துல போயி மொண்டு குடி!"