நுனி கிள்ளிய வயல்

"ஒரு தப்பை யாருக்கும் சொல்லாமல் நாமே சரிசெய்துவிட்டால் அது தப்பில்லைதானே, அம்மா?" என்று ஆதிமூலம் கேட்டார்.

வடிவம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். என்ன தப்பு என்று கேட்டார்.

சும்மா பொதுவாகக் கேட்டேன் என்றார் ஆதிமூலம்.

"பொதுவாகத் தப்பில்லை சார்," என்று சொல்லிவிட்டு வடிவம்மா அடுத்த மொச்சையை எடுத்தார்.

எதிர்பார்த்த பதில்தான் கிடைத்தது. ஆனால் ஆதிமூலத்துக்கு நிம்மதி வரவில்லை.

அது கால்வாய்க் கரையில் இருந்த சின்ன மடம். மொத்தமே ஆறு பேர். வடிவம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயது. வேளாண்மைக் கல்லூரியில் பயிர்நோய்ப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், ஒருநாள் ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தார். ஆதிமூலத்துக்கு அறுபத்தாறு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வடிவம்மாவுக்கு எட்டாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர்.

மனைவி இறந்த பிறகு வீடு பிடிக்காமல் போய், தன் மாணவியிடமே சீடராக வந்து சேர்ந்தார். அவர் "அம்மா" என்று கூப்பிடுவார். வடிவம்மா "சார்" என்பார். அதில் இருவருக்கும் கூச்சம் கிடையாது.

மடத்து வயல் ஒன்றரை ஏக்கர். இந்தப் பூ சாகுபடிக்கு அதை ஆதிமூலத்தின் பொறுப்பில் விட்டிருந்தார் வடிவம்மா. நடும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார். நாற்றின் நுனியைக் கிள்ள வேண்டாம், காயத்தின் வழியாக நோய் ஏறும்.

ஆதிமூலம் தலையாட்டினார். வயலில் இறங்கிப் பார்த்தால் நாற்று ஒன்று உயரம், ஒன்று குட்டை. காலைப் பிரார்த்தனைக்கு ஒழுங்கில்லாமல் நிற்கும் பிள்ளைகள் மாதிரி இருந்தது. அவருக்குப் பொறுக்கவில்லை. கட்டுக் கட்டாக எடுத்து நுனியைக் கிள்ளி ஒரே அளவாக்கி, கயிறு பிடித்து நட்டார். யூரியாவையும் ஒரு கை கூடவே போட்டார்.

பயிர் கருகருவென்று வந்தது. கால்வாயின் கீழே இருந்த பன்னிரண்டு வயல்காரர்களும் வந்து பார்த்தார்கள். அடுத்த வயல் உச்சிமாகாளி வரப்பிலேயே அரைமணி நேரம் நின்றான். அவனும் ஆதிமூலத்திடம் படித்தவன்தான்.

பிறகு மூன்று நாள் காற்றோடு மழை பெய்தது.

நான்காம் நாள் காலையில் சில இலைகளின் நுனி மஞ்சளாகியிருந்தது. மஞ்சள் இலையின் இரண்டு ஓரத்திலும் அலை அலையாகக் கீழே இறங்கியது. ஆதிமூலம் அந்த இலைகளை அறுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு வந்து, எருக்குழிக்குப் பின்னால் புதைத்தார். மறுநாள் இரண்டு மடங்கு இருந்தது. அதையும் புதைத்தார்.

பள்ளியில் இருந்த முப்பத்தைந்து வருஷத்தில் கரும்பலகையில் அவர் தப்பாகப் போட்ட கணக்கை எந்தப் பிள்ளையும் பார்த்ததில்லை. போட்டதில்லை என்று அர்த்தமில்லை. உள்ளங்கையால் அழிப்பதில் வேகம் இருந்தது.

வயலை அப்படி அழிக்க முடியவில்லை. சோறு இறங்கவில்லை. தியானத்தில் உட்கார்ந்தால் மஞ்சள் மஞ்சளாகத் தெரிந்தது. மடத்து வயல் தண்ணீர் மடை வழியாக உச்சிமாகாளி வயலுக்குத்தான் போகிறது என்பதும், அங்கிருந்து அடுத்தடுத்த வயலுக்குப் போகிறது என்பதும் அவருக்குத் தெரியும். நாளைக்குச் சரியாகிவிடும் என்று தினமும் சொல்லிக்கொண்டார்.

மஞ்சள் தெரிந்த ஏழாம் நாள்தான், மொச்சை உரித்துக்கொண்டிருந்த வடிவம்மாவிடம் வந்து அந்தப் பொதுக் கேள்வியைக் கேட்டார். பதில் கிடைத்தும் நிம்மதி வராமல், மனசு அடங்க மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார்.

ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரும், வயலிலிருந்து ஒரு இலையும் கொண்டுவரச் சொன்னார் வடிவம்மா.

ஆதிமூலம் வயல் முழுக்கத் தேடி, இருப்பதிலேயே பச்சையான ஓர் இலையைக் கொண்டுவந்து நீட்டினார்.

வடிவம்மா அதை வாங்கவில்லை.

"இது வேண்டாம் சார். உங்கள் இடுப்பில் இருக்கிறதே, அதில் ஒன்று."

வேட்டி மடிப்புக்கு மேலே மஞ்சள் நுனி ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆதிமூலம் உருவிக் கொடுத்தார். வடிவம்மா அதைக் குறுக்கே அறுத்து, அறுத்த வாய் தண்ணீருக்குள் இருக்கும்படி டம்ளரில் போட்டார். இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அறுபட்ட இடத்திலிருந்து, பால் கலந்த மாதிரி ஒரு புகை நூலாக இறங்கியது.

அத்தனையும் பாக்டீரியா என்றார் வடிவம்மா. லட்சக்கணக்கில்.

"பாவம் பயிர்," என்றார் ஆதிமூலம். "கையும் இல்லை, காலும் இல்லை. என்ன செய்யும்?"

வடிவம்மா எழுந்து குழாயடிக்குப் போனார். அங்கே விதைக்காக ஒரு பழைய ரக நெல்லைக் கொஞ்சம் வளர்த்துவந்தார். அதிலிருந்து ஓர் இலையை அறுத்து, ஒரு பூதக்கண்ணாடியோடு ஆதிமூலத்திடம் கொடுத்தார்.

இந்த இலையிலும் நோய் ஏறியிருந்தது. ஆனால் நுனியில் ஒரு விரற்கடை தூரம்தான். அந்த இடத்தில் பழுப்பாக ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே முழுப் பச்சை.

"இந்தக் கோடு என்ன அம்மா?"

செத்துப்போன செல்கள் என்றார் வடிவம்மா.

பிறகு அவர் சொன்னது இது. ஒவ்வொரு செல்லின் மேல்தோலிலும் ஒரு காவல் உண்டு. வந்திருப்பது வேற்று ஆள் என்று தொட்டதுமே அதற்குத் தெரியும். தெரிந்த உடனே உள்ளே சேதி போகும். வெளியிலிருந்து கால்சியம் குபுகுபுவென்று உள்ளே பாயும். பக்கத்துச் செல்லுக்குச் சேதி போகும். அது தன் சுவரைத் தடிப்பாக்கிக்கொள்ளும். அடிபட்ட செல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்காது. கிருமிக்குச் சாப்பாடு கிடைக்காதபடி அங்கேயே செத்து வழியை அடைத்துவிடும். சேதி மட்டும் தண்டு வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். கிருமியையே பார்த்திராத இலைகூடத் தயாராக நிற்கும்.

ஆதிமூலம் இரண்டு இலைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"அப்படியானால் என் வயல் பயிருக்கு அந்தக் காவல் இல்லையா?"

"இருக்கிறது சார்."

"பின்னே ஏன் சேதி போகவில்லை?"

"இந்தக் கிருமி உள்ளே வந்ததும் இலையைத் தின்ன ஆரம்பிக்காது. முதலில் எதையெதையோ உள்ளே செலுத்திச் செல்லின் வாயை அடைக்கும். அது வாயைத் திறக்கவில்லை என்றால் மற்ற வேலையெல்லாம் சுலபம்."

ஆதிமூலம் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"வாயை எப்படி அம்மா அடைக்கும்?"

"இலையில் எப்படி என்று எனக்குத் தெரியும் சார்," என்றார் வடிவம்மா. "மனுஷரில் எப்படி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

சொல்லிவிட்டு மொச்சை வெந்துவிட்டதா என்று பார்க்க உள்ளே போய்விட்டார்.

ஆதிமூலம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் முழுக்கக் கலங்கியிருந்தது.

பிறகு எழுந்து நேராக வயலுக்குப் போனார். மண்ணை வெட்டி மடையை அடைத்தார். சேற்றுக் காலோடு உச்சிமாகாளி வீட்டுக்கு நடந்தார். போகிற வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தார். ஒன்றும் அமையவில்லை.

உச்சிமாகாளி வாசலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சாரைப் பார்த்ததும் தட்டோடு எழுந்தான்.

"உச்சிமாகாளி, என் வயலில் நோய் வந்திருக்கிறது. நான்தான் காரணம். நாற்று நுனியைக் கிள்ளிவிட்டேன். ஏழு நாளாக யாருக்கும் சொல்லவில்லை. தண்ணீர் உன் வயலுக்குத்தான் வந்துகொண்டிருந்தது."

உச்சிமாகாளி தட்டைக் கீழே வைத்தான். முகம் சுருங்கியது. ஆதிமூலம் திட்டுக்குத் தயாராக நின்றார்.

"சார், ஏசப்படாது," என்றான் அவன். "என் வயல்லயும் அஞ்சு நாளா இருக்கு. நீங்க கிள்ளி நட்டதைப் பாத்துட்டுத்தான் நானும் கிள்ளினேன். ஒழுங்கா நடத் தெரியலன்னு சத்தம் போடுவீங்களோன்னு சொல்லாம இருந்துட்டேன்."

ஆதிமூலத்துக்கு முதலில் கோபம்தான் வந்தது. பழக்க தோஷம். வாயைத் திறந்தவர் சிரித்துவிட்டார். உச்சிமாகாளி முதலில் பயந்தான், பிறகு அவனும் சிரித்தான். வீட்டுக்குள்ளிருந்து அவன் மனைவி, என்ன சிரிப்பு என்று கேட்டபடி எட்டிப் பார்த்தாள்.

இருவரும் கிளம்பி மூன்றாவது வயல்காரரிடம் போனார்கள். அவர் நான்காமவருக்குப் போன் போட்டார். இருட்டுவதற்குள் கால்வாயின் கடைசி வயல்வரை சேதி போய்விட்டது. நாலு பேர் ஆதிமூலத்தை ஏசினார்கள். ஒருவர் நன்றாகவே ஏசினார். ஆதிமூலம் நின்று கேட்டுக்கொண்டார். அன்றைக்கு இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் எல்லா வயலிலும் தண்ணீரை வடித்தார்கள். ஒருவர் வயல் தண்ணீர் மற்றவர் வயலுக்குப் போகாமல் தனித்தனியாக வாய்க்கால் வெட்டினார்கள். யூரியாவை நிறுத்தினார்கள். வடிவம்மா சொன்னபடி பசுஞ்சாணத்தைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, எல்லோருமாகத் தெளித்தார்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை.

மடத்து வயலில் பாதி போயிற்று. உச்சிமாகாளிக்குக் கால்வாசி. மூன்றாவது வயலில் ஓரம் மட்டும் கருகி நின்றுவிட்டது. அதற்குக் கீழே பத்து வயல்களில் பயிர் பச்சையாகவே கதிர் விட்டது.

இரண்டாவது முறை தெளித்த அன்றைக்கு வடிவம்மாவும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கியிருந்தார். ஆதிமூலம் சாணி தெறித்த முகத்தோடு பக்கத்தில் வந்தார். இப்போது மனசு அடங்கிவிட்டதா என்று வடிவம்மா கேட்டார்.

கிட்டத்தட்ட அடங்கிவிட்டது, ஏதோ ஒரு மூலையில் மட்டும் இன்னும் உறுத்துகிறது என்றார் ஆதிமூலம். அதுதான் ஏன் என்று புரியவில்லை.

"பன்னிரண்டு வயல்காரர்களிடமும் சொல்லிவிட்டீர்களா சார்?"

"எல்லோரிடமும் சொல்லிவிட்டேன் அம்மா. ஒருவர் பாக்கி இல்லை."

வடிவம்மா தெளிப்பதை நிறுத்தினார். அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆதிமூலம் ஒவ்வொரு பெயராக மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். எண்ணி முடித்ததும் முகம் மாறியது. வாளியை வரப்பில் வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். சேற்றில் நேராக நின்றார்.

"டீச்சர்," என்றார். "கிள்ள வேண்டாம் என்று நீங்கள் சொன்னீர்கள். நான் கிள்ளிவிட்டேன்."

"சரி சார்," என்றார் வடிவம்மா. "வாளியை எடுங்கள். மேல வரப்பு ஓரம் இன்னும் தெளிக்கவில்லை."